கொத்தளத்தின் அடியில் இருப்பவர்கள்

புனேவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போன நம் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கோட்டைப் படம் போடுகிறார்கள். சிங்ககட், சனிவார் வாடா, புரந்தர். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். போகட்டும், நல்லதுதான். நானும் அந்தக் கோட்டைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் அடியிலிருந்து.

புரந்தரிலிருந்து தொடங்குவோம். புனேவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1657இல் சம்பாஜி பிறந்த இடம், 1665இல் சிவாஜிக்கும் மொகலாயப் படைத்தலைவர் ஜெய்சிங்குக்கும் ஒப்பந்தம் ஆன இடம். இதெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்வார். சொல்லாமல் விடுவது ஷேந்த்ரி கொத்தளத்தின் கதையை. கட்டக் கட்ட அது இடிந்து விழுந்ததாம். தலைச்சன் பிள்ளையையும் அவன் மனைவியையும் உயிரோடு அடித்தளத்தில் வைத்தால்தான் நிற்கும் என்றார்களாம். புதைக்கப்பட்டவர்கள் நாத்நாக், தேவகாய் என்ற மகர் தம்பதி. வெள்ளைக்காரன் காலத்து மாவட்ட விவரச்சுவடியிலேயே இந்தக் கதை ஏறியிருக்கிறது.

கதைதானே, நரபலிக் கதை இல்லாத கோட்டை எது என்று கேட்கலாம். சரி, கதையாகவே இருக்கட்டும். கதை சொன்னவன் அடியில் போடுவதற்கு யாரைத் தேர்ந்தெடுத்தான் என்று மட்டும் பாருங்கள்.

இப்போது நகரத்துக்குள் வருவோம். கஞ்ச் பேட்டையில் ஜோதிராவ் புலே வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. 1868இல் தன் வீட்டுத் தண்ணீரைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். அந்தக் கிணறு இன்றும் அங்கே உண்டு. கோட்டை பார்க்கப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே எட்டிப்பார்ப்பதில்லை என்பது என் கணிப்பு. புலேயும் சாவித்திரிபாயும் தொடங்கிய பள்ளிகளில் படித்த முக்தா சால்வே என்ற பதினாலு வயது மாங் சாதிச் சிறுமி 1855இல் ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதை வெளியிட்டது. மாங்குகளையும் மகர்களையும் சொந்த நிலத்திலிருந்து விரட்டிவிட்டு அங்கே மாளிகைகள் எழுப்பினார்கள், செந்தூரம் கலந்த எண்ணெயைக் குடிக்கவைத்து எங்கள் ஆட்களை அடித்தளத்தில் புதைத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறாள். பேஷ்வா ஆட்சி முடிந்து நாற்பது ஆண்டுகூட ஆகாத காலம் அது. அவள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஆட்சியில் வாழ்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆவணம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: எழுதப் படிக்கவிடாமல் வைத்திருந்த மக்களின் ஆவணம், அவர்களில் ஒரு பிள்ளை எழுதக் கற்ற அன்றுதான் தொடங்கும்.

மூன்றாவது இடத்துக்கு அகமதுநகர் சாலையில் 30 கிலோமீட்டர் போகவேண்டும். பீமா ஆற்றங்கரையில் கோரேகான் வெற்றித்தூண். 1818 ஜனவரி 1 அன்று கேப்டன் ஸ்டான்டனின் சிறுபடை பேஷ்வாவின் பெரும்படையை நாள் முழுக்கத் தடுத்து நின்றது. இறந்த 49 பேரின் பெயர்களைக் கும்பினி அரசு தூணில் பொறித்தது. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. மகர்களின் பெயர்கள். புரந்தரில் கல்லுக்கு அடியில் போன நாத்நாக்கின் பெயரிலும் அதே 'நாக்' இருக்கிறது. இங்கே அது கல்லின் மேல் ஏறியது.

கும்பினிக்காரனை நான் கொண்டாடவில்லை. அவனுக்குப் பின் வந்த பிரிட்டிஷ் அரசே 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் இந்தத் தூணுக்கு வந்ததும் வெள்ளைக்காரனுக்கு நன்றி சொல்ல அல்ல. அதே ஆண்டு மார்ச்சில் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். நிதானமாகப் பெயர்களைப் பார்க்க வேண்டுமானால் வேறு நாளில் போங்கள்.

கடைசியாகச் சனிவார் வாடா. 1732இல் குடிபுகுந்த பேஷ்வாக்களின் மாளிகை. 1828 தீயில் உள்ளே இருந்தது எரிந்தது, மதிலும் வாசலும் மிச்சம். 2017 டிசம்பர் 31 அன்று எல்கார் பரிஷத் கூட்டம் நடந்தது இந்த வாசலில்தான். மறுநாள் தூணுக்குப் போன மக்கள் தாக்கப்பட்டார்கள். அதன்பின் போடப்பட்ட வழக்கில் எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் எனப் பதினாறு பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி. நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாதவர். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, 84 வயதில் மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். கைதாவதற்கு முன் பதிவுசெய்த காணொளியில் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பீமா கோரேகானுக்குத் தான் ஒருமுறைகூடப் போனதில்லை.