எமது கணினி அறை: பழையதைப் புதுப்பித்த முப்பது ஆண்டுகள்

எமது கல்லூரியின் அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் இந்நூற்றாண்டு மலரின் மற்றப் பக்கங்களில் வாசித்திருப்பீர்கள். பொருட்பதிவேட்டில் மாத்திரம் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரலாற்றை நாம் இங்கே சொல்ல விரும்புகிறோம். அது எமது கணினி அறையின் வரலாறு. புதிய கணினி வாங்கக் கையில் பணம் இருந்த காலம் இந்த முப்பது ஆண்டுகளில் மிகக் குறைவு. இருந்ததைத் திறந்து, ஒரு பாகத்தை மாற்றி, இன்னும் சில வருடங்கள் ஓட்டிய காலமே அதிகம்.

இலங்கையில் தேசிய கணினிக் கொள்கை 1983இல் வகுக்கப்பட்டது. அதன் வழியே மறு ஆண்டு சின்டெக் என்ற சபை உருவாயிற்று. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்களின் பெயர் அந்தக் காலத்தோடு பிரிக்க முடியாதது. 1985இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் துறை ஆரம்பமானது. கண்டியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடும் தூரம்தான். ஆயினும் அப்போது எமது காரியாலயத்தில் இருந்தவை ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரமும் ஒரு றோணியோவும் மட்டுமே. தவணைப் பரீட்சை வந்தால் ஆசிரியைகளின் விரல் நுனியெல்லாம் கறுப்பு மை.

முதல் கணினி 1995இல் வந்தது. ஒரு 486, 4 மெகாபைட் நினைவகம். மனையியல் வகுப்பில் அதற்குப் பூப்போட்ட உறை தைத்தார்கள். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஆறு பேர் சுற்றி நிற்க, ஒருவர் தட்டுவார். மறு ஆண்டு மழை பொய்த்து, நீர்மின் நிலையங்கள் தளர்ந்து, நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு. மகாவலி வற்றினால் கணினியும் படுத்துவிடும் என்பதை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, நேரில் கண்டோம்.

விண்டோஸ் 95 வெளிவந்த பின்னர் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. 4 மெகாபைட்டில் அது எழும்பும், ஆனால் நடக்காது. எமது கணித ஆசிரியை ஒரு நாள் கணினியின் முன்னே எம்மை நிறுத்தி, "அந்தச் சின்ன விளக்கைப் பாருங்க" என்றார். வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. நினைவகம் போதாமற் போனால் கணினி வன்தட்டையே நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கும். வன்தட்டு பல மடங்கு மெதுவானது. தாமதம் அங்கேதான், புரொசஸரில் அல்ல என்று விளக்கினார். பிறகு பெட்டியைத் திறந்தார். "மிஸ், உடைஞ்சு போனா?" என்று எம்மில் ஒருத்தி கேட்டாள். "உடைஞ்சா நான் பொறுப்பு. நீ டோர்ச்சைப் பிடி பிள்ளை" என்றார். 4 மெகாபைட் 8 ஆனது. பதிவேட்டில் அது ஒரு வரி. கணினி என்பது திறந்து பார்க்கக்கூடிய ஒரு பொருள் என்று எமக்குத் தெரிந்தது அன்றுதான்.

இரண்டாவது புதுப்பித்தல் 2005இல் நடந்தது. அதற்குக் காரணம் தமிழ். அப்போது இருந்தது ஒரு பென்ரியம் 3, விண்டோஸ் 98, 64 மெகாபைட். கல்லூரியின் தமிழ் வேலையெல்லாம் பாமினி எழுத்துருவில் நடந்தது. அச்சுக்கு அது போதும். ஆனால் பாமினியில் எழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. மறுபுறம், 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியிருந்தது. 2005இல் ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டம் தொடங்கியது. யூனிகோட் தமிழில் இருந்த பக்கங்கள் எமது திரையில் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தன. விண்டோஸ் எக்ஸ்பியில் அவை ஒழுங்காகத் தெரியும். எக்ஸ்பிக்கு 128 மெகாபைட்டாவது இருப்பது நல்லது.

கலைவிழாவில் வடையும் தேநீரும் விற்று 3,500 ரூபா சேர்த்தோம். பொருத்தமான நினைவகம் கண்டியில் கிடைக்கவில்லை. இருவர் விடியற்காலை ரயிலில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி, 256 மெகாபைட் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அந்தத் திரையில் தமிழ் தமிழாகத் தெரிந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மலையகத்தைப் பற்றித் தமிழில் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். புதிய கணினி கேட்டு நாம் எழுதிய கடிதங்களுக்கு அந்த ஆண்டு முழுவதும் பதில் வரவில்லை.

இனி எமது பிழையையும் எழுத வேண்டும். 2013இல் வெளிநாட்டிலுள்ள எமது சகோதரிகள் பெருமுயற்சி எடுத்து 14 கணினிகளைக் கப்பலில் அனுப்பினார்கள். யாவும் கோர் 2 டுவோ வகை. மாலை போட்டு வரவேற்றோம், படம் எடுத்தோம். அவை 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாட்டிலிருந்து வந்தவை. எமது மின்சாரம் 230 வோல்ட். மின்வழங்கியின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிறிய சிவப்பு ஆளி ஒன்று உண்டு. அதை யாரும் பார்க்கவில்லை. முதல் நாளே மூன்று கணினிகள் 'டப்' என்று புகைந்தன. மறு ஆண்டு, 2014 ஏப்ரல் 8ஆம் திகதி, எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதன் பின் ஒவ்வொன்றாக 'பழுது' என்று எழுதப்பட்டன. அறை பூட்டப்பட்டது. 14 கணினி கேட்ட நாம், அவற்றைப் பராமரிக்க 14 ரூபாகூட ஒதுக்கவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. விடுதிப் பிள்ளைகள் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். பல இடங்களில் தொலைபேசிக்கு அலை எடுக்காது. குறிப்புகளை அச்சிட்டு அனுப்புவதே வழியாக இருந்தபோது, காரியாலயத்தில் ஓடிய ஒரேயொரு கணினிக்கு ஆசிரியைகள் முறை வைத்துக் காத்திருந்தார்கள். இருபதடி தள்றிப் பூட்டிய அறைக்குள் 14 கணினிகள் இருந்தன. அந்த மாதங்களில் பாடத்தை விட்டு விலகிப்போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வரவில்லை. இதை எழுதாமல் விட்டால் இது வரலாறாகாது.

2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. புதிய கணினி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் பேராதனையில் கணினிப் பொறியியல் படித்த எமது பழைய மாணவி ஒருவர் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். அவர் முதலில் கேட்டது பணமல்ல, ஒரு தூரிகையும் திருப்புளியும். பழுது என்று எழுதப்பட்டவற்றில் நான்குக்குத் தேவைப்பட்டது தாய்ப்பலகையில் இருக்கும் நாணய அளவுப் பற்றரி மட்டுமே. அது தீர்ந்தால் கணினி திகதியை மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் எழும்பும்போது நின்று கேள்வி கேட்கும். திகதி பிழையென்றால் பல இணையத்தளங்கள் திறக்கவும் மாட்டா. அந்தப் பற்றரி மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிறது.

மீட்க முடியாத ஐந்து கணினிகளின் நினைவகத்தைக் கழற்றி, மீதி ஒன்பதுக்கும் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் 4 கிகாபைட் ஆக்கினார். அதற்குச் செலவில்லை. பணம் கொடுத்து வாங்கியது 120 கிகாபைட் எஸ்எஸ்டிகள் மாத்திரம். முதலில் நான்கு, மறு தவணையில் ஐந்து. சுழலும் தட்டு இல்லாததால் அவை பழைய கணினியின் மந்தத்தைப் பெருமளவு போக்கிவிடும். இயங்குதளமாக லுபுண்டு என்ற இலேசான லினக்ஸ். அதற்கு விலை இல்லை. பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய லினக்ஸ் ஒன்றுக்கு 'ஹந்தான' என்று பெயர் என அவர் சொன்னபோது, பிள்ளைகள் எழுந்து ஜன்னலால் மலையைப் பார்த்தார்கள்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத, ஆனால் நன்றாக ஓடக்கூடிய கணினிகளை உங்கள் அலுவலகங்கள் ஒதுக்கிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்க்கும்போது எமது நினைவு வரும். அனுப்புங்கள், ஆனால் முதலில் எம்மிடம் கேளுங்கள். எத்தனை வேண்டும், என்ன வகை, மின்வழங்கி 230 வோல்டை ஏற்குமா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். பல சமயங்களில் ஒரு கணினியின் கப்பற்கூலியில் இங்கே மூன்று எஸ்எஸ்டி வாங்கலாம். ஒரு யூ.பி.எஸ். வாங்கலாம். இடி மின்னல் மிகுந்த ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் அதுவே எமக்குப் பெரிய உதவி.

கண்டிக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள். கணினி அறை திறந்திருக்கும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது பத்தாவது பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 'கழிக்கப்பட வேண்டியவை' பட்டியலில் இருந்த ஐந்தில் அது ஒன்று. டோர்ச் பிடிக்க ஒரு ஆள் எப்போதும் தேவை.