இரண்டு பிடிகள்

சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது 'பிடி' என்ற சொல் வந்தால் சற்று நிறுத்தி விளக்க வேண்டியிருக்கிறது. இன்றைய மாணவருக்குப் பிடி என்றால் கத்திக்கும் குடைக்கும் உள்ள கைப்பிடி. பழந்தமிழில் அது பெண்யானையையும் குறிக்கும். இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வதே என் வழக்கமாக இருந்தது. ஐரோப்பியரின் சமையற்கட்டிலும் உணவு மேசையிலும் புழங்கிய கத்திகளின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபின், அவ்விரு பிடிகளையும் அவ்வளவு எளிதாகப் பிரிக்க இயலவில்லை.

கத்தியில் அலகு வேலைக்கு உரியது. பிடி உடையவருக்கு உரியது. இறைச்சியை அறுக்கும் அலகு அரசனுக்கும் குடியானவனுக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்க இயலும். வேறுபாடு காட்ட விரும்பியவர்கள் பிடியில்தான் காட்டினர். பிரான்சு மன்னர் இரண்டாம் ஜானின் அரண்மனைக்கு 1352ஆம் ஆண்டு வாங்கப்பட்ட கத்திகளைப் பற்றிய கணக்குக் குறிப்பு இதற்கு நல்ல சான்று. மன்னர்முன் இறைச்சி அறுப்பதற்கான அக்கத்திகளில், தவக்காலத்துக்கு உரியவற்றுக்குக் கருங்காலிப் பிடி. ஈஸ்டர் திருநாளுக்கு உரியவற்றுக்குத் தந்தப் பிடி. துயரத்தின் கருமையும் மகிழ்ச்சியின் வெண்மையும் கத்திப் பிடிவரை வந்து சேர்ந்திருக்கின்றன.

இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1607ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட பதினான்கு கத்திகள் உள்ளன. அவற்றின் தந்தப் பிடிகளில் இங்கிலாந்தை ஆண்ட அரசர் அரசியரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு நாட்டின் அரச மரபு முழுவதையும் கைக்குள் அடக்கிக்கொண்டு உணவு உண்ணலாம்!

அரசர்க்கு உரியதாக இருந்த இவ்வழகு பின்னர் நடுத்தர வகுப்பாரின் இல்லங்களுக்கும் வந்தது. அதற்குப் பெரிதும் காரணமான ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்குள்ள கத்தித் தொழிலாளர் 1624ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகத் தமக்கென ஒரு சங்கத்தைப் பெற்றவர்கள். அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் எனத் தொழில் பிரிந்திருந்தது. எலும்பு, மாட்டுக் கொம்பு, மான் கொம்பு ஆகியவற்றிலும் பிடி செய்தனர். இந்தியாவிலிருந்து எருமைக் கொம்பும் கடல்கடந்து சென்றது. ஆயினும் உயர்ந்தது எனக் கருதப்பட்டது தந்தமே.

வியப்பு என்னவெனில், பயன்பாட்டைப் பொறுத்தவரை தந்தம் நல்ல பிடி அன்று. வெந்நீர் பட்டால் வெடிக்கும். நாளடைவில் மஞ்சள் பூக்கும். பிடியில் துளையிட்டு, உருக்கிய பிசினை ஊற்றி, அலகின் வாலை அதனுள் செருகுவது வழக்கம். கொதிநீரில் அப்பிசின் இளகிப் பிடி கழன்றுவிடும். எனவே அலகை மட்டும் நீரில் நனைத்துக் கழுவும்படி வேலைக்காரர்களுக்கு அறிவுறுத்தினர். கையைக் காப்பதற்காகத் தோன்றிய பிடியைக் கை காக்க வேண்டியதாயிற்று.

அதன் உண்மையான விலையை வேறொருவர் கொடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து சான்சிபார் வழியாகப் பெருமளவு தந்தம் வெளியேறியது. அடிமைகள் உள்ளிட்ட சுமைகாரர்கள் அதைத் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொணர்ந்தனர். நம் நாட்டுப் பிடிக்கு நீண்ட தந்தம் வளர்வதில்லை. ஆப்பிரிக்கப் பிடிக்கு உண்டு. ஆகவே அங்கே களிறு, பிடி என்ற வேறுபாடே இன்றி யானைகள் மாண்டன. பியானோக் கட்டைகளுக்கும் பில்லியர்ட்சுப் பந்துகளுக்கும் போக, ஒரு பங்கு கத்திப் பிடிகளாயிற்று. பிடிக்காகப் பிடி இறந்தது எனின் அது வெறும் சொல் விளையாட்டன்று.

மாற்றும் அந்நூற்றாண்டிலேயே பிறந்தது. அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வைத்த செயற்கைப் பொருளின் பயன்களுள் கத்திப் பிடியும் சுட்டப்பட்டது. அடுத்து வந்தது செல்லுலாய்டு. அதில் தந்தத்தின் இயற்கை வரிகளைப்போல மெல்லிய கோடுகளையும் ஏற்றினர். யானையை விட்டனர், யானையின் பெருமையை விட மனமில்லை.

ஆப்பிரிக்கத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989ஆம் ஆண்டில்தான் எடுக்கப்பட்டது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம், சில விலக்குகளுடன், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இன்று சமையற்கத்திக்கு விருப்பப்படி பிடி செய்து தருவோர், மரத்துண்டைக் காற்று நீக்கிய கலத்தில் வைத்துச் செயற்கைப் பிசினை ஊறவைத்து, சூடேற்றி இறுகச் செய்கின்றனர். நீருக்கு அஞ்சாத பிடி அது. எந்த உயிரும் அதற்கு விலையாவதில்லை.

மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டன. போருக்கு முன் கோரங்கோசா பகுதியின் பெண்யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே தந்தமற்றவை. போருக்குப் பின் ஏறத்தாழப் பாதி. தந்தம் உடையவை மாள, அற்றவை எஞ்சி ஈன்றன என்று 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு விளக்குகிறது. ஆப்பிரிக்கப் பிடிகள் நம் பிடிகளைப்போல ஆகின்றன, உயிர் பிழைப்பதற்காக.

இனி அச்சொல்லை நடத்தும்போது இரண்டு பொருளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.