‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று தூண்டிலை ஆற்றங்கரையில் விட்டுப் போகலாமா? ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன்வளத் துறையின் உரிமம் வாங்கியாச்சு. தங்கும் இடத்திலேயே ஒரு ஃப்ளை ராடும் இரவலாகக் கிடைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஆற்றில் நின்றதும் ஒரு டீ குடித்தால் தேவலாம் போலிருக்கிறது. ராடை என்ன செய்வீர்கள்?

ஒரு பாறையில் சாய்த்துவிட்டு, முள்ளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு நடந்துவிடத்தான் தோன்றும். குளக்கரையில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதில் தப்பே தெரியாது. ஆனால் இந்த வகை மீன்பிடிப்பில் அது பல விதங்களில் வம்பை விலைக்கு வாங்கும் வேலை.

கையில் இருந்தால்தான் கருவி

ஃப்ளை ஃபிஷிங்கில் உயிருள்ள இரை கிடையாது. இறகு, ரோமம், நூல் ஆகியவற்றைச் சிறிய தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரியே செய்த பொய் ஈதான் இரை. அதற்கு எடையே இல்லை என்பதால் அதை மட்டும் தூர எறிய முடியாது. ‘லைன்’ எனப்படும் தடித்த கயிற்றின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. அதன் நுனியில் மெல்லிய நரம்பு, நரம்பின் நுனியில் ஈ.

கவ்விய மீன், இது பூச்சி இல்லை என்று தெரிந்ததும் ஒன்றிரண்டு நொடிகளில் துப்பிவிடும். அதற்குள் உங்கள் கை சுண்ட வேண்டும். சரி, கையில் இல்லாத ராடில் மீன் மாட்டாது, அப்புறம் என்ன பிரச்னை என்று கேட்கலாம். மாட்டும், அதுதான் பிரச்னை.

ஓடும் நீரில் விட்ட லைன் கீழ்த்திசையில் இழுபட்டு விறைத்து நிற்கும். ஈ அந்த ஓட்டத்தில் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். டிரவுட் வந்து கவ்வித் திரும்பினால், ஆற்றின் இழுவையே முள்ளை ஏற்றிவிடும். ஒன்பது அடி நீள கார்பன் ஃபைபர் ராட் பெரும்பாலும் 100 கிராம் அளவுதான் இருக்கும். ரீலையும் சேர்த்தாலும், ஓடும் மீனுக்கு அது ஒரு சுமையே இல்லை. உத்தராகண்டின் ராம்கங்காவில் இருக்கும் மகசீர் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் ஓட்டத்திலேயே ராட் தண்ணீருக்குள் போய்விடும்.

அந்த மீனின் கதி இன்னும் மோசம். நரம்பு பாறையில் சுற்றிக்கொண்டால் கட்டிப்போட்ட கன்று மாதிரி இழுத்து இழுத்து, களைத்தே செத்துப்போகும். தேங்கிய மடுவில் லைன் தளர்ந்து கிடந்தால் வேறு ஆபத்து: சுண்ட ஆள் இல்லாததால் முள் வாயோரத்தில் மாட்டாமல் தொண்டைக்குள் இறங்க வாய்ப்பு அதிகம். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் பழக்கமே அப்போது அர்த்தமில்லாமல் போகிறது. பொன் மகசீர் உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்தில், தண்ணீரில் போட்ட தூண்டிலை ஆளில்லாமல் விட்டுப் போவது சட்டப்படியே குற்றம். டிரவுட்டும் அங்கிருந்து வந்த மீன்தான். பிரிட்டனிலிருந்து வந்த முட்டைகள் 1900-ல் காஷ்மீரில் பொரிந்தன. அங்கிருந்து 1909-ல் குலுவுக்கு வந்தது. நீலகிரியின் அவலாஞ்சியிலும் அதே காலகட்டத்தில் டிரவுட் பொரிப்பகம் தொடங்கியது.

கரையில் வைத்தால் பரவாயில்லையா?

தண்ணீரை விட்டு எடுத்து வைப்பது நல்லதுதான். ஆனால் எங்கே வைக்கிறீர்கள்? கார்பன் ராட் உள்ளே கூடாக இருக்கும் மெல்லிய குழாய். வில்லாய் வளைந்தாலும் தாங்கும். செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தால் தாங்காது. கல்லில் விழுந்து கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால், அடுத்த பெரிய மீனின்போது ‘டப்’பென்று முறியும். காரில் சாய்த்து வைத்துக் கதவைச் சாத்தி நசுக்குவதும், கார் கூரையில் வைத்ததை மறந்து ஓட்டிப்போவதும் இந்தப் பொழுதுபோக்கின் நிரந்தரக் கதைகள்.

ராடை விட முள்தான் கவலை. புல்லில் கிடக்கும் ஈ, மேய வரும் ஆட்டின் உதட்டிலோ, ஓடி வரும் நாயின் பாதத்திலோ, வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் காலிலோ ஏறலாம். தண்ணீரோரப் பூச்சிகளைத் தின்று வாழும் பறவைகளுக்கும் அது பூச்சியாகவே தெரியலாம். பூச்சி போல இருக்கத்தானே அதைச் செய்தார்கள்!

ராடுக்குப் பின்னால் ஓடாதீர்கள்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். டீக்குவளையோடு திரும்பும்போது ராட் நழுவி ஆற்றுக்குள் போவதைப் பார்க்கிறீர்கள். அதுவும் இரவல் ராட். கை தானாக நீளும், கால் தானாக இறங்கும். பனி உருகி வரும் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். கூழாங்கற்கள் வழுக்கும். திடீரென்று குளிர்நீரில் விழும்போது மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுக்கும்; அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. மார்பு வரை வரும் வேடர் காலுறை அணிந்திருந்தால் அதற்குள் நீர் நிரம்பும்; எழுந்து நிற்பதே கஷ்டம்.

நீர்மட்டமும் நீங்கள் விட்டுப்போன இடத்தில் அப்படியே இருக்காது. பனி உருகும் மாதங்களில் காலையில் காய்ந்து கிடந்த கல், மாலையில் முழுகியிருக்கலாம். மேலே மலையில் மழை பெய்தால் இன்னும் வேகம். அணைக்குக் கீழே என்றால் கணக்கே வேறு. தீர்த்தன் ஆறு லார்ஜியில் பியாஸ் நதியில் சேர்கிறது. அங்குள்ள அணையிலிருந்து 2014 ஜூன் 8-ம் தேதி திடீரெனத் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே தலோட் அருகே ஆற்றுக்குள் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும் அவர்களை அழைத்துவந்த ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். ராடை எடுக்கத் திரும்பி இறங்குபவரும் அதே பாறைகளில்தான் நிற்கப் போகிறார்.

போன ராட் போகட்டும். கீழே எங்காவது கரை ஒதுங்கினால் எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது விட்டே ஆக வேண்டும்?

ஒரே ஒரு சமயம்: இடி இடிக்கும்போது. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். ஒன்பது அடிக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு திறந்த ஆற்றங்கரையில் நிற்பது மின்னலைக் கூப்பிடுவது போல. தரையில் கிடத்திவிட்டு விலகி, கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விடுங்கள். சேதம் ஆனால் ஆகட்டும். கரையோரம் தாழ்வாக மின்கம்பி போனால், மழையே இல்லாவிட்டாலும் ராடை உயர்த்தாதீர்கள்.

மற்ற நேரங்களில் வேலை அரை நிமிடம்தான். லைனை முழுக்கச் சுற்றுங்கள். கைப்பிடிக்கு மேலே இருக்கும் சின்ன வளையத்தில் முள்ளை மாட்டி, தொய்வில்லாமல் இறுக்குங்கள். நடைபாதையை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஏறினாலும் எட்டாத உயரத்தில், மரக்கிளைக் கவட்டையில் நிறுத்துங்கள். கண்பார்வையில் இருக்கட்டும். இன்னும் எளிது, டீக்கடைக்குக் கையோடு கொண்டுபோவது; நுனி பின்பக்கம் பார்த்திருந்தால் புதரில் குத்தி முறியாது. அறுந்த நரம்பைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், அது லேசில் மக்காது.

முள்ளின் எதிர்முனைச் செதிலை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது; தோலில் குத்தினாலும் வந்த வழியே கழன்றுவிடும். செதிலோடு ஆழமாக ஏறிய முள்ளை மருத்துவர் எடுக்கட்டும், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். கண்ணில் பட்டால் பிடுங்கவே கூடாது. கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் குவளையால் மூடி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீர்த்தன் பள்ளத்தாக்கின் மேல் கிராமங்களிலிருந்து குலு நகருக்கு மலைச்சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆற்றில் இறங்கும் முன்பே ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.