தேடுபொறி ஆதிக்கமும் இயல்புநிலைத் தேர்வும்

இணையத்தில் தகவல் தேடுவோருட் பெரும்பாலாரை ஒரே நிறுவனத்தின் தேடுபொறி தன்வசமாக்கிக்கொண்டு, போட்டியாளர் நிலைகொள்ள இடமின்றிச் செய்யும் நிலை தேடுபொறி ஆதிக்கம் எனப்படும். பொறியின் திறமை இதற்கு முதற் காரணமாயினும், கருவியை வாங்கும்போதே அதில் அமைந்திருக்கும் இயல்புநிலைத் தேர்வே அதனை நிலைபெறச் செய்வதாகும்.

சரித்திரம்

யாஹூ 1994இலும் அல்டாவிஸ்டா 1995இலும் தோன்றிய நாட்களில் பொறிகள் பலவாயிருந்தன. 1998இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் நிறுவிய கூகுள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிட்டமையால், மக்களின் நன்மதிப்பைத் தன் ஆற்றலாலேயே சம்பாதித்தது. பின்னரோ, உலாவிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தன் பொறியே முதலில் நிற்கவேண்டுமென ஒப்பந்தங்கள் செய்து, 2021இல் மட்டும் அதற்கென 2,630 கோடி டொலர் வழங்கிய செய்தி அமெரிக்க வழக்கில் வெளிப்பட்டது. 2024 ஆகஸ்ட் 5இல் அவ்வழக்கை விசாரித்த நீதிபதி அமித் மேத்தா, அந்நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணிற்று எனத் தீர்ப்பளித்தார். பொதுத் தேடலில் மிகவும் பின்தங்கிய பிங் என்னும் பொறி, தான் இயல்புநிலையாக அமைந்த எட்ஜ் உலாவியில் மட்டும் ஏறத்தாழ 80 சதவீதத் தேடல்களைப் பெறுகிறது என அத்தீர்ப்பு எடுத்துரைப்பது, முதலில் வைக்கப்பட்டதன் பலத்துக்குத் தக்க பிரமாணமாகும்.

இந்திய வழக்குகள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத்மேட்ரிமோனி நிறுவனத்தார் முதலியோர் 2012இல் செய்த முறையீட்டின் பயனாக, இந்தியப் போட்டி ஆணையம் 2018 பெப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபா அபராதம் விதித்தது. 2022 ஒக்டோபரில் அண்ட்ரொய்ட் வழக்கில் மேலும் 1,337.76 கோடி ரூபா விதித்ததோடு, புதிய தொலைபேசியை ஆயத்தஞ் செய்யும்போதே தேடுபொறியைத் தெரிவுசெய்யும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்குமாறும் பணித்தது. இவ்விரண்டாவது கட்டளையே நோயின் மூலத்தைத் தொட்டதாகும்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்

இந்திய ஆணை இலங்கையைக் கட்டுப்படுத்தாது. மட்டக்களப்பு வாவியின் ஒரு கரையான படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையில் நெற்பயிரைப் பற்றிய நோய்க்குப் பரிகாரம் தேடும் கமக்காரரும், மறுகரையான எழுவான்கரையின் கல்லடியிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவியும், அண்ட்ரொய்ட் தொலைபேசியைத் திறந்தவுடன் முகப்பிற் காணும் பட்டையிலேயே சொல்லை இடுகின்றனர். அதனை மாற்றும் வழி அமைப்புப் பகுதியினுள் உண்டெனினும், அங்கே சென்று பார்க்கவேண்டிய எண்ணமே பலருக்கும் எழுவதில்லை. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களை விசாரிக்க வகைசெய்திருந்தது. அதனை நீக்கி வந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில், போட்டிக்கு மாறான செயல்களை ஆராயும் அதிகாரம் இருப்பினும், ஏகபோகம் பற்றிய அவ்வேற்பாடு இடம்பெறவில்லை. தொலைபேசியை முதன்முதல் இயக்கும் வேளையில், எப்பொறி வேண்டுமென்று தமிழிலும் சிங்களத்திலும் வினவும் ஒரு திரையைச் சட்டத்தாற் கட்டாயமாக்குவது, செலவு சிறிதும் பயன் பெரிதுமான சீர்திருத்தமாகும்.