பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை

"பெட்டை சாமத்தியப்பட்டு ரெண்டு வருசமாச்சு. ஒருத்தன்ர கையில பிடிச்சுக் குடுத்தாத்தான் நிம்மதி." இந்தக் கதை அம்மம்மா காலத்தோட முடிஞ்சுபோகேல்லை, இப்பவும் காதில் விழுகிறது. கேட்டவுடன் நாங்கள் சொல்வது, "அதுக்குத்தான் சட்டம் இருக்கே." சரி, அந்தச் சட்டத்தின்ர கதையைக் கொஞ்சம் பார்ப்பம்.

பிரித்தானியர் காலத்து 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 12 என்று வயதெல்லை வைத்தது. ஐரோப்பிய, பறங்கியப் பெற்றோரின் மகள் என்றால் மட்டும் அதைவிடக் கூடின வயது. எந்தப் பிள்ளை எவ்வளவு காலம் பிள்ளையாக இருக்கலாம் என்பதையும் இனம் பார்த்தே முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த 12 என்ற இலக்கம் 1995 வரை மாறவில்லை.

ஆனால் பெண்கள் அதுவரை காத்திருக்கவில்லை. இலங்கைப் பெண்களின் சராசரித் திருமண வயது 1901இல் ஏறக்குறைய 18. 1981 குடிசன மதிப்பீட்டில் அது 24ஐத் தாண்டிவிட்டது. சட்டம் நின்ற இடத்திலேயே நிற்க, வயது ஆறு வருசம் ஏறியிருக்கிறது. 1945இல் வந்த இலவசக் கல்வி பெரிய காரணம். பெண்கள் ஆசிரியர்களாக, தாதிகளாகப் போனார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை மருத்துவமாதுவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரணங்கள் மட்டும்தான் என்றும் சொல்ல ஏலாது. சீதனம் சேர்க்கப் பட்ட பாடும், பெடியளுக்கு வேலை கிடைக்காததும் கலியாணத்தைத் தள்ளிப்போட்டன.

1995இல்தான் சட்டம் 18க்கு வந்தது. பெற்றோர் சம்மதித்தாலும் 18க்குக் கீழ் பதிவு செய்ய முடியாது என்று 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்குச் சில வருசங்களுக்குள்ளேயே வன்னியில் நிலைமை தலைகீழானது. 2006இலிருந்து 2009 வரை, பிள்ளையை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போய்விடுவினம் என்ற பயத்தில் பெற்றோர் அவசர அவசரமாகக் கலியாணம் செய்து வைத்தார்கள். பல கலியாணங்களுக்குப் பதிவே இல்லை. கைக்குழந்தையோடு மெனிக்பாம் முகாமுக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்குப் புருசன் எங்கே என்றே தெரியாது. பதிவில்லாத கலியாணத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் போட, தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்க வேணும். காணாமல் போனவர் எப்படி வந்து கேட்பார்?

அந்தப் பெற்றோரைத் திட்டுவது லேசு. ஆனால் அவர்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள். பயம் வந்தால் வயதெல்லை தாளில் மட்டும்தான் இருக்கும்.

முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குத் தாளிலும் அது இல்லை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இருக்கவில்லை. 12க்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி வேணும், அவ்வளவுதான். அதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்கள் பல வருசமாக, ஏச்சும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு, போராடி வருகிறார்கள். 2009இல் நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 2018இல்தான் கையளிக்கப்பட்டது. ஒன்பது வருசத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு ஏறியிருக்கும்!

அப்ப ஊரால என்ன செய்ய முடியும்? வரலாறு காட்டுவது இதுதான்: பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் இருந்த இடத்தில் வயது தானாக ஏறியது, அவை உடைந்த இடத்தில் விழுந்தது. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆனது. ஆனால் மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் "ஏன் வரேல்லை?" என்று கேட்க ஒரு ஆள் வேணும். அது வகுப்பாசிரியராகவோ, மாதர் சங்க அக்காவாகவோ, கிராமத்துச் சிறுவர் அபிவிருத்திக் குழுவில் இருக்கிற ஒருவராகவோ இருக்கலாம். சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் வரும்போது "இதை வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டாத ஆசிரியரும் வேணும். பதினாறில் கர்ப்பமான பிள்ளையை "மானம் போச்சு" என்று உடனே கட்டிக்கொடுக்காமல், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், பிறகு படிப்பையும் தொடர விடுகிற குடும்பமும் வேணும்.

எங்கட ஒழுங்கையிலயும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிற பிள்ளை ஒன்று இருக்கலாம். அந்தப் பிள்ளையிட்ட கடைசியாக யார் போய்க் கதைச்சது?