பாரிஸில் ஒரு திங்கட்கிழமை

சென்ற வாரம் 1985 விம்பிள்டனில் நிறுத்தியிருந்தோம். பதினேழு வயது ஏழு மாதத்தில் கோப்பையைத் தூக்கிய போரிஸ் பெக்கர், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற ஆண்களிலேயே மிக இளையவர் ஆனார். அந்தப் பெருமை அவரிடம் நான்கு ஆண்டுகூட முழுதாகத் தங்கவில்லை. 1989 ஜூன் 11 அன்று பாரிஸில் அதைத் தட்டிச் சென்றவர் பெக்கரைப் போல ஆஜானுபாகு அல்ல. உயரம் 175 சென்டிமீட்டர்தான். வேகப்பந்துபோல இறங்கும் சர்வீஸும் அவரிடம் இல்லை. வயது பதினேழு, மேலே மூன்று மாதம். அமெரிக்கர், பெயர் மைக்கேல் சாங். நடால், அல்கராஸ் என்று எத்தனையோ இளம்புயல்கள் வந்துபோன பிறகும், அந்தச் சாதனை இன்றுவரை சாங் பெயரில்தான் இருக்கிறது.

சாங் என்றதும் டென்னிஸ் ரசிகர்கள் எல்லோரும் ஒரே ஒரு பந்தைத்தான் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே தட்டிவிட்ட அந்த அண்டர்ஆர்ம் சர்வீஸ். எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அந்த ஒரு பந்தைத் தந்திரம் என்று சொல்லிச் சிரித்துவிட்டால், அதற்கு முன்பு நடந்ததும் பின்பு நடந்ததும் கண்ணில் படாமலே போய்விடும். உடம்பு கைவிட்ட நேரத்தில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எப்படி யோசித்தான் என்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். அந்த யோசனையை மட்டும் முதலாக வைத்து அவர் மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆடினார்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். சாங்கின் தந்தை ஜோ, சீன உள்நாட்டுப் போரின்போது தாய்நாட்டைவிட்டு தைவான் வந்த குடும்பத்துப் பிள்ளை. 1966-இல் அமெரிக்கா வந்து வேதியியல் படித்தார். தாய் பெட்டி பிறந்தது நம் புதுடெல்லியில். அவருடைய தந்தை சீனத் தூதரக அதிகாரி. பெட்டியும் வேதியியல் படித்தவரே. 1972 பிப்ரவரி 22 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில் மைக்கேல் பிறந்தார். குடும்பம் மினசோட்டாவுக்குப் போய், அங்கிருந்து தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் கார்லும் டென்னிஸ் ஆடியவர். பின்னாளில் தம்பிக்குப் பயிற்சியாளர் ஆனவரும் அவர்தான். போட்டிகளுக்குப் போகும்போது அம்மா கூடவே போனார்.

வருடம் முழுக்க வெயில் அடிக்கும் தெற்கு கலிஃபோர்னியா, டென்னிஸ் பிள்ளைகளின் விளைநிலம். பீட் சாம்ப்ராஸ் அங்கே வளர்ந்த இன்னொரு பையன்; இருவரும் சிறுவர் போட்டிகளில் மோதி மோதி வளர்ந்தவர்கள். 1987-இல், பதினைந்து வயதில், சாங் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான அமெரிக்க தேசியப் போட்டியை வென்றார். அதற்குப் பரிசாக அமெரிக்க ஓபனில் நேரடி இடம் கிடைத்தது. முதல் சுற்றில் எதிரே நின்றவர் ஆஸ்திரேலியாவின் பால் மெக்நமீ, விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை இருமுறை வென்ற அனுபவசாலி. அவரைத் தோற்கடித்தபோது சாங்குக்குப் பதினைந்து வயது ஆறு மாதம். மறுவருடம் பள்ளியைவிட்டு, அதற்கு இணையான தேர்வை எழுதித் தேறி, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் பட்டமும் வந்தது.

1989 பிரெஞ்சு ஓபனுக்கு அவர் வந்தது அந்தப் போட்டியின் தரவரிசையில் 15-ஆவது வீரராக. அமெரிக்க ஆண்களுக்குப் பாரிஸ் அப்போது ஆகாத ஊர். 1955-இல் டோனி டிராபர்ட் வென்றதோடு சரி, அதன்பின் 34 ஆண்டுகளாக ஒரு அமெரிக்கரும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. காரணம் மண். ரோலாங் காரோஸ் மைதானத்தின் செம்மண் தரை என்பது செங்கல்லைப் பொடியாக்கிப் பரப்பியது. பந்து அதில் விழுந்ததும் வேகம் குறைந்து உயர எழும்பும். சிமெண்ட் தரையில் ஒரே அடியில் முடிகிற புள்ளி, இங்கே இருபது அடி, முப்பது அடி என்று நீளும். பலமான சர்வீஸை நம்பி வளர்ந்த அமெரிக்கர்களுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. சாங்குக்கு பலமான சர்வீஸ் இல்லை. ஆனால் கால்கள் இருந்தன. எந்த மூலைக்குப் பந்து போனாலும் அங்கே போய் நிற்கிற கால்கள். இரண்டாம் சுற்றில் அதே பழைய நண்பர் சாம்ப்ராஸை 6-1, 6-1, 6-1 என்று அனுப்பிவைத்தார்.

நான்காம் சுற்றில் எதிரே இவான் லெண்டில். உலகின் முதல்நிலை வீரர், 29 வயது. 1984, 86, 87 என்று பாரிஸில் மூன்று முறை வென்றவர். அந்த ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றிருந்தார். முந்தைய ஆண்டு ஒரு காட்சிப் போட்டியில் சாங்கைத் தோற்கடித்துவிட்டு, உன்னிடம் என்னை நோகடிக்க எந்த ஆயுதமும் இல்லையே என்ற பொருளில் லெண்டில் சொன்னதாக சாங் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஆட்டம் நடந்தது ஜூன் 5, திங்கட்கிழமை. அந்தத் தேதியைச் சரித்திரம் வேறொரு காரணத்துக்காகவும் மறக்காது. பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டு வாரக்கணக்கில் கூடியிருந்த மாணவர்கள்மீது, ஜூன் 3 இரவிலும் 4 அதிகாலையிலும் ராணுவம் பாய்ந்தது. ஐந்தாம் தேதிதான், கையில் பையோடு ஒரு மனிதர் பீரங்கி வண்டிகளின் வரிசைக்கு முன்னால் தனியாக நின்றார். பாரிஸ் ஓட்டல் அறையில் சாங் குடும்பம் ஆட்டமும் பயிற்சியும் இல்லாத நேரமெல்லாம் தொலைக்காட்சியில் சீனச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் போட்டியில் தான் ஜெயித்ததன் நோக்கமே, துயரத்தில் கிடந்த சீன மக்களின் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைப்பதுதான் என்று சாங் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. ஆனாலும் அந்தச் செய்தி அவர் வீட்டுச் செய்தியாக இருந்தது.

முதல் இரண்டு செட்டும் லெண்டிலுக்கு, 6-4, 6-4. அதோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றாவதை 6-3 என்று சாங் எடுத்தார். நான்காவதையும் அதே 6-3. அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது. தொடையிலும் கெண்டைக்காலிலும் தசை பிடித்து இழுக்க ஆரம்பித்தது. ஓட்டத்தை மட்டுமே நம்பி ஆடும் ஒருவருக்கு ஓட்டமே போய்விட்டது.

இந்த இடத்தில்தான் கவனமாகப் பார்க்கவேண்டும். லெண்டிலின் பலம் தாளகதி. பின்கோட்டில் நின்றுகொண்டு, ஒரே வேகத்தில், ஒரே கனத்தில் அடித்து அடித்து எதிராளியை நைத்துவிடுவார். சாங் அந்தத் தாளத்தைக் கெடுக்க ஆரம்பித்தார். பந்தை மெதுவாக, வானளாவ உயர்த்தி அனுப்பினார். அது இறங்கி வருவதற்குள் பிடித்த தசையை உதறிக்கொள்ள இரண்டு நொடி கிடைக்கும். அடிப்பதற்குத் தோதான குட்டைப் பந்து வந்தால், ஓட முடியாத குறையை ஈடுசெய்ய ஒரேயடியாக மூலையைக் குறிவைத்து அடித்துவிடுவார். இடைவேளைகளில் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழ முடியாதோ என்ற பயம். நின்றபடியே தண்ணீர் குடித்தார், வாழைப்பழம் தின்றார். எரிச்சல் ஏறியது லெண்டிலுக்கு.

ஐந்தாவது செட்டில் 2-1 என்று முன்னிலையில் இருக்கும்போதே வலி தாங்காமல், விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல நடுவர் ரிச்சர்ட் இங்ஸை நோக்கி நடந்தார் சாங். சர்வீஸ் கோடுவரை போனவர் அங்கேயே திரும்பிவிட்டார். இன்றைக்கு ஒருமுறை விட்டுவிட்டால் அடுத்தமுறை விடுவது சுலபமாகிவிடும், அதற்கடுத்த முறை இன்னும் சுலபமாகிவிடும் என்று தோன்றியதாம். அதைத் தோன்றியபடியே விட்டுவிடாமல், அந்தக் கால்களோடு பின்கோட்டுக்குத் திரும்பி நடந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு 4-3, சாங் சர்வீஸ், 15-30. இந்த கேமைத் தோற்றால் லெண்டில் சமன் செய்துவிடுவார். காலை ஊன்றி எழும்பி சர்வீஸ் அடிக்க முடியவில்லை. சாங் பந்தைக் கீழே இருந்து, பக்கவாட்டில் சுழலவிட்டு, மெல்லத் தட்டிவிட்டார். விதிப்படி இதில் குற்றம் ஏதும் இல்லை. செம்மண்ணில் சுழலும் பந்து தரையைப் பிடித்துக்கொண்டு திசை மாறும். பின்கோட்டுக்கு வெகுதூரம் பின்னால் நின்று பழகிய லெண்டில் அலறியடித்து முன்னே ஓடிவர வேண்டியதாயிற்று. வந்து எடுத்துவிட்டார். ஆனால் வலையருகே சிக்கிக்கொண்டார். சாங் அவரைக் கடந்து அடித்த பந்து வலை நாடாவில் உரசி எகிற, லெண்டிலால் அதைச் சமாளிக்க முடியவில்லை. 30-30. அரங்கமே எழுந்து கத்தியது. அந்த கேம் சாங்குக்கு.

5-3, லெண்டில் சர்வீஸ், 15-40, சாங்குக்கு மேட்ச் பாயிண்ட். முதல் சர்வீஸ் தவறியது. இரண்டாவதுக்கு முன் சாங் விறுவிறுவென்று நடந்துவந்து, ஏறத்தாழ சர்வீஸ் கோட்டின் மேலேயே வந்து நின்றார். அங்கே நின்றுகொண்டு உலகின் முதல்நிலை வீரரின் சர்வீஸை எடுப்பது நடக்காத காரியம். அது சாங்குக்கும் தெரியும். எடுப்பதற்காக அவர் அங்கே போகவில்லை. லெண்டிலின் மனதுக்குள் போவதற்காகப் போனார். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. டபுள் ஃபால்ட். நான்கு மணி 37 நிமிட ஆட்டம் முடிந்தது. சாங் மண்ணில் விழுந்து அழுதார்.

அன்றைய வெற்றியோடு போட்டி முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலிறுதியில் ஹைத்தியின் ரொனால்ட் அஜெனோர், அரையிறுதியில் சோவியத்தின் ஆந்த்ரே செஸ்னகோவ். இரண்டுமே நான்கு செட் இழுபறி. இறுதிப்போட்டியில் ஸ்வீடனின் ஸ்டெஃபான் எட்பெர்க், முந்தைய ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன், வலையருகே ஆடுவதில் அன்றைக்கு அவருக்கு நிகரில்லை. 6-1, 3-6, 4-6. ஒரு செட் பின்தங்கிய நிலையில் நான்காவது செட்டில் எட்பெர்குக்கு பிரேக் பாயிண்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதில் ஒன்றிரண்டு கைகூடியிருந்தால் கோப்பை ஸ்வீடனுக்குப் போயிருக்கும். சாங் ஒவ்வொன்றாகத் தடுத்தார். 6-4, 6-2 என்று கடைசி இரண்டு செட்டையும் எடுத்தார். என்னைக் கேட்டால் அண்டர்ஆர்ம் சர்வீஸைவிட இந்த நான்காவது செட்தான் உயர்ந்தது. வேடிக்கை காட்ட அதில் எதுவுமில்லை, அதனால்தான் யாரும் அதைப் பேசுவதில்லை. முந்தைய நாள்தான் பெண்கள் பட்டத்தை இன்னொரு பதினேழு வயதுக்காரர், ஸ்பெயினின் அரான்ட்சா சான்செஸ், ஸ்டெஃபி கிராஃபை வென்று எடுத்திருந்தார். அப்படி ஒரு வாரக்கடைசி அது. எட்பெர்க் அதன்பின் பாரிஸில் இறுதிப்போட்டிக்கு வரவே இல்லை.

அடுத்த ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம், இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நின்று. அதே ஆண்டு டிசம்பரில் பயிற்சியின்போது இடுப்பெலும்பில் முறிவு. 1990-இல் டேவிஸ் கோப்பை அரையிறுதி, வியன்னாவில். அமெரிக்காவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் ஹார்ஸ்ட் ஸ்கோஃபிடம் முதல் இரண்டு செட்டை இழந்தும் மீண்டு ஜெயித்தார். அந்த ஆண்டுக் கோப்பை அமெரிக்காவுக்கு. 1992 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் அதே எட்பெர்கோடு 5 மணி 26 நிமிடம் போராடித் தோற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் போட்டியின் மிக நீண்ட ஆட்டமாக நின்றது அது.

தொண்ணூறுகளில் டென்னிஸ் மாறிக்கொண்டிருந்தது. மட்டைகள் வலுத்தன, ஆட்கள் வளர்ந்தார்கள், சர்வீஸ் துப்பாக்கிக் குண்டானது. சாங் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் நீளமான மட்டையை எடுத்து, உயரக் குறைவைக் கொஞ்சம் ஈடுகட்டப் பார்த்தார். பலன் கிடைத்தது. 1996-இல் உலகின் இரண்டாம் இடம்வரை ஏறினார். சின்சினாட்டி, இண்டியன் வெல்ஸ் போன்ற பெரிய போட்டிகளில் ஏழு பட்டங்கள். ஆனால் இரண்டாவது கிராண்ட் ஸ்லாம் மட்டும் வரவில்லை. 1995 பாரிஸ் இறுதியில் தாமஸ் மூஸ்டரிடம் முதல் செட்டில் 5-2 முன்னிலையில் இருந்து வழுக்கினார். 1996 ஆஸ்திரேலியாவில் பெக்கர் தடுத்தார். அதே ஆண்டு நியூயார்க்கில் தடுத்தவர், பாரிஸில் ஒருகாலத்தில் மூன்று கேம் மட்டுமே எடுக்கமுடிந்த சாம்ப்ராஸ்.

1989-ஐ ஒரு விபத்து என்பவர்கள் இந்தத் தோல்விகளைக் காட்டுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. தன்னைவிட உயரமும் பலமும் கொண்ட தலைமுறைக்கு எதிராக, பத்து ஆண்டுக்கு மேல் ஒவ்வொரு புள்ளியையும் ஓடி ஓடிச் சம்பாதித்து, 34 பட்டங்கள் வாங்குவது விபத்தில் நடக்கிற காரியமா? பதினேழு வயதில் சிகரத்தைத் தொட்டவரை மிச்ச வாழ்நாள் முழுக்க அந்த ஒரு மாலையோடு ஒப்பிட்டுப் பார்த்த குற்றம் நம்முடையது.

ஆசியாவில் அவரை யாரும் அப்படி அளக்கவில்லை. 1993, 94, 95 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெய்ஜிங்கிலேயே பட்டம் வென்றார். 2003 அமெரிக்க ஓபனோடு விடைபெற்றார். 2008-இல் நியூபோர்ட்டில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் இடம்பெற்றார். 2014-இல் ஜப்பானின் கெய் நிஷிகோரிக்குப் பயிற்சியாளரானார். நிஷிகோரியின் உயரமும் ஏறக்குறைய சாங் அளவுதான். அந்த ஆண்டே அமெரிக்க ஓபன் அரையிறுதியில் ஜோகோவிச்சை வீழ்த்தி, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் ஆசிய ஆண் வீரர் ஆனார் நிஷிகோரி.

(தொடரும்)