புனேயில் பிறந்த கொசுச் செல்களும் அவற்றில் குடியிருந்த வைரஸ்களும்

கொசுவின் செல்கள் அதன் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து வளரத் தொடங்கியது 1960களில்தான். அதற்கு முன் டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களின் வைரஸ்களைப் பெருக்க, பிறந்து ஓரிரு நாளான சுண்டெலிக் குட்டிகளின் மூளையையும் பாலூட்டிகளின் செல்களையும் ஆய்வாளர்கள் நம்பியிருந்தனர். வைரஸ் பாலூட்டியை எப்படிக் கொல்கிறது என்று இவை காட்டின. அதே வைரஸ் கொசுவைக் கொல்லாமல் அதற்குள் எப்படி வாழ்கிறது என்பதை அறியக் கொசுவின் செல்லே தேவைப்பட்டது.

பூச்சிச் செல்லைத் தொடர்ந்து வளர்ப்பதில் முதல் வெற்றி ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. கான்பெராவில் பணியாற்றிய தாமஸ் கிரேஸ், ஓர் அந்துப்பூச்சியின் சூலகச் செல்கள் முடிவின்றிப் பெருகுவதை 1962இல் அறிவித்தார். 1966இல் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் செல்களையும் வளர்த்துவிட்டதாக அவர் அறிவித்தார். ஆனால் அவை அந்துப்பூச்சிச் செல்களே என்பது பின்னாளில் தெரியவந்தது. ஒரு குடுவையின் செல் மற்றொன்றில் கலந்திருந்தது. குடுவையில் வளர்வது எது என்பதைச் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும் என்ற பாடம் தொடக்கத்திலேயே கிடைத்தது.

உண்மையான கொசுச் செல்கள் புனேயிலிருந்து வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் அங்கே வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியிருந்தன. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதுவே. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூரிலும் சிக்குன்குனியா பரவி, கொசுவழி வைரஸ்கள் மீது நாட்டின் கவனம் திரும்பியிருந்த காலம் அது. மையத்தின் ஆய்வாளர் கே. ஆர். பி. சிங், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கொசுப்புழுக்களைத் துண்டாக்கி, கன்றுக் கருவின் சீரம் சேர்த்த ஊட்டக் கரைசலில் வளர்த்தார். ஏடிஸ் எஜிப்டி, ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரு இனங்களின் செல்களும் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. 1967இல் இந்த வெற்றி வெளியானது. சிங்கின் செல்கள் உலகின் பல ஆய்வகங்களுக்குப் பயணமாயின.

இச்செல்கள் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்ந்தன. 1969 வாக்கில் புனேயிலும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் பல கொசுவழி வைரஸ்களை அவற்றில் செலுத்திப் பார்த்தனர். அல்போபிக்டஸ் செல்கள் பல வைரஸ்களுக்கு எளிதில் இடம் கொடுத்தன. சில வைரஸ்கள் அவற்றைச் சிதைத்தன. சிக்குன்குனியாவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்கள் பாலூட்டிச் செல்லை ஓரிரு நாளில் அழிப்பவை. கொசுச் செல்லிலோ அவை முதலில் வேகமாகப் பெருகி, பிறகு அடங்கி, சிறிதளவு வைரஸை மட்டும் தொடர்ந்து வெளியிட்டன. செல்லும் பிழைத்தது, வைரஸும் நிலைத்தது. ஒருமுறை தொற்றிய கொசு ஆயுள் முழுவதும் நோயின்றி வைரஸைச் சுமப்பதன் சிறு வடிவம் இது. 1978இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா இகராஷி, சிங்கின் அல்போபிக்டஸ் செல்களிலிருந்து டெங்குவும் சிக்குன்குனியாவும் மிக நன்றாகப் பெருகும் ஒரு செல்வழியை (தொடர்ந்து பெருகும் செல் வம்சத்தை) பிரித்தெடுத்தார். சி6/36 என்ற அந்தச் செல்வழி டெங்கு வைரஸைப் பிரித்தறியும் ஆய்வகங்களில் இன்றும் புழங்குகிறது.

இதற்கிடையே எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. இஸ்ரேலின் பெலெக் என்ற ஆய்வாளர் உருவாக்கிய ஏடிஸ் எஜிப்டி செல்கள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. அவை வளர்ந்த ஊட்டக் கரைசலை அல்போபிக்டஸ் செல்களின் மேல் ஊற்றியபோது, இவை ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட பெருந்திரள்களாயின. விக்டர் ஸ்டாலரும் உடன் ஆய்வாளர் தாமஸும் 1975இல் இதை விவரித்து, செல்களை இணைக்கும் காரணி என்று பெயரிட்டனர். அது ஒரு வைரஸ். முதுகெலும்புள்ள விலங்குகளின் செல்களில் அது பெருகவில்லை. 1992இல் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டபோது, டெங்குவின் குடும்பமான ஃபிளாவிவைரஸ்களில் ஒன்று என்று உறுதியானது. நெடுங்காலம் ஆய்வக விந்தையாக மட்டுமே கருதப்பட்ட இவ்வைரஸ், பின்னர் புவெர்ட்டோ ரிக்கோவில் இயற்கையில் வாழும் கொசுக்களிலும் கிடைத்தது. கென்யாவின் கமிட்டி ஆற்று வைரஸ் போன்ற உறவினரும் கண்டறியப்பட, பூச்சிக்கு மட்டுமே உரிய வைரஸ்கள் தனிப் பிரிவாக ஏற்கப்பட்டன.

சில சி6/36 வளர்ப்புகளிலும் மறைவாக ஒரு வைரஸ் குடியிருந்தது. டென்சோவைரஸ் என்னும் மிகச் சிறிய டிஎன்ஏ வைரஸ் அவற்றில் நிலைத்திருப்பது 1993இல் வெளியானது. இவ்வகை வைரஸ் கொசுப்புழுக்களைக் கொல்லக்கூடியது. வளர்ப்புச் செல்களிலோ பெரும்பாலும் அறிகுறியின்றித் தங்கிவிடுகிறது. டென்சோவைரஸ் நிலைத்த சி6/36 செல்களில் டெங்குவின் தாக்குதல் மட்டுப்படுவது 2004இல் காட்டப்பட்டது.

செல் வைரஸை எப்படி எதிர்க்கிறது என்ற கேள்விக்கும் இதே குடுவைகள் விடை தந்தன. வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவை டைசர்-2 என்ற நொதி 21 எழுத்து நீளத் துண்டுகளாக வெட்டுகிறது. அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு மற்ற வைரஸ் ஆர்என்ஏவும் அழிக்கப்படுகிறது. சி6/36 செல்களில் இந்த டைசர்-2 பழுதடைந்திருப்பது 2010இல் தெரிந்தது. பல வைரஸ்கள் அங்கே தாராளமாகப் பெருகியதற்கு ஒரு காரணம் விளங்கியது. அந்தச் செல்லில் காண்பதையெல்லாம் உயிருள்ள கொசுவுக்குப் பொருத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

ஒரு பூச்சி வைரஸ் முன்பே குடியேறிய செல்லில் மனித நோய் வைரஸ் எவ்வளவு பெருகும் என்பது அடுத்த கேள்வியானது. ஆஸ்திரேலியாவின் பாம் க்ரீக் வைரஸ் சி6/36 செல்களில் மேற்கு நைல் வைரஸின் பெருக்கத்தைக் குறைப்பது 2013இல் பதிவானது. செல்களை இணைக்கும் வைரஸ் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் உடலில் டெங்கு, ஜிகா வைரஸ்கள் பரவுவதைக் குறைப்பது 2019இல் பதிவானது. எல்லா இணைகளிலும் இப்படி நடப்பதில்லை. தடையே காணப்படாத சோதனைகளும் உண்டு. அதனால் கொசுச் செல்களைக் கொண்டு ஆய்வைத் தொடங்கும் முன், அவற்றில் மறைவான வைரஸ் உண்டா என்று பார்ப்பது அவசியமாகிவிட்டது.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1980களில் பிடித்த கொசுக்களிலிருந்து கிடைத்து, 2012இல் விவரிக்கப்பட்ட எய்லாட் வைரஸ் இந்த அறிவை மருந்தாக்கும் வழியைக் காட்டியது. சிக்குன்குனியாவின் உறவான இவ்வைரஸின் மரபுப்பொருளை நேரடியாக முதுகெலும்பிகளின் செல்லுக்குள் செலுத்தினாலும் அது பெருகுவதில்லை. அதற்குச் சிக்குன்குனியாவின் புறப்புரதங்களை அணிவித்துச் செய்த தடுப்பூசி, ஒரே தவணையில் எலிகளையும் குரங்குகளையும் காத்தது என 2017இல் அறிவிக்கப்பட்டது. மனிதச் செல்லில் பெருகாத அவ்வைரஸைக் கொசுச் செல்லில்தான் வளர்க்க முடியும். அதற்குப் பயன்பட்ட சி7/10 என்ற செல்வழியும் 1967இல் புனேயில் வளர்ந்த அல்போபிக்டஸ் செல்களின் வாரிசே.